பொய் நிச்சயதார்த்தம்

ஜோர்ஜெட் ஹேயர் 1953 இல் எழுதிய ‘கொட்டிலியன்’ நாவலை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்க என்னால் இயலவில்லை. களம், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்து. தன் உறவுமுறைப் பேரன்மாருள் ஒருவனை மணந்தாலே கிற்றிக்குச் சொத்து என்கிறார், அவளை வளர்த்த கருமி. அவள் மனங்கொண்ட ஜாக்கோ அழைத்தும் வரவில்லை. சிறுவயது முதல் அறிந்த பிரெடியை, ஒரு மாதம் லண்டனில் இருப்பதற்காக, நிச்சயமானவன்போல் நடிக்கக் கேட்கிறாள்.

அக்காலத்தில் இது விளையாட்டன்று. பெண் நிச்சயத்தை முறிக்கலாம். ஆண் முறித்தால் மானம் போகும், நட்டஈட்டு வழக்கும் வரலாம். (அவ்வழக்குரிமையை 1970 ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு நீக்கியது.) ஆக, பிரெடி சம்மதித்தபோதே தன்னை அவள் கையில் ஒப்படைத்துவிடுகிறான். வீரதீரம் இல்லாதவன், உடை நேர்த்தியே அவன் கற்ற கலை. ஆயினும் சங்கடம் நேர்கையில் செய்யவேண்டியதைச் சத்தமின்றிச் செய்பவன். கிற்றியின் மனம் திரும்புவது அங்கேதான். கொட்டிலியன் என்பது, துணைகள் மாறி மாறி ஆடும் நடனம்.