பாட்டு பிடிக்கும், ஆள்? பாகவதர் முதல் ஆர்.கெல்லி வரை ஓர் அலசல்

ஒரு பாடகர் மீது புகார் வருகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் டைம்லைன் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "அவர் பாட்டு வேற, பெர்சனல் வாழ்க்கை வேற" என்று ஒரு கோஷ்டி. "இனிமே அந்தக் குரலைக் கேட்கவே முடியாது" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு நாளில் ட்ரெண்ட் மாறிவிடும். கேள்வி மட்டும் அப்படியே இருக்கும்: ஒருவரின் சொந்த வாழ்க்கை தெரிந்த பிறகு, அவர் திறமை மீதான மதிப்பு குறையுமா?

இதைப் புரிந்துகொள்ள இரண்டு பாடகர்களின் கதை உதவும். ஒருவர் நீதிமன்றத்தில் விடுதலையானவர், ஆனால் சினிமாவில் பழைய இடம் திரும்பவில்லை. இன்னொருவர் மீது பல ஆண்டுகளாகப் புகார்கள், ஆனால் ஹிட் பாடல்கள் நிற்கவில்லை.

ஜெயிலில் ஹீரோ, தியேட்டரில் ஹவுஸ்ஃபுல்

எம்.கே.தியாகராஜ பாகவதரைத் தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் என்பார்கள். 1934-ல் 'பவளக்கொடி'யில் அறிமுகம். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது.

அதே 1944 நவம்பரில், லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அவர் நடத்திய 'இந்து நேசன்' பத்திரிகையின் சரக்கே சினிமாக்காரர்களின் அந்தரங்கம்தான். இன்றைய கிசுகிசு யூடியூப் சேனல்களின் தாத்தா என்று சொல்லலாம். கொலை வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன மேல்முறையீட்டுக்குப் பிறகு, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பாகவதர் தண்டனைக் கைதியாக உள்ளே இருந்தபோதும் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜனங்கள் டிக்கெட் எடுத்து அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதாவது வழக்கால் குரல் மீதான காதல் குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் ஏன் மார்க்கெட் போனது?

வெளியே வந்த பாகவதரின் 'ராஜமுக்தி' (1948) எடுபடவில்லை. 1952-ல் வந்த 'அமரகவி', 'சியாமளா' படங்களும் பழைய அலையைக் கிளப்பவில்லை. 1959-ல், 49 வயதில் காலமானார்.

"கேஸ்தான் அவரைக் கவிழ்த்தது" என்பது பரவலான பேச்சு. ஆனால் அதே கேஸ், அதே ஜெயில், அதே விடுதலை என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் உண்டே! அவர் 'நல்லதம்பி'யில் (1949) கலக்கினார், 'மணமகள்' (1951), 'பணம்' (1952) படங்களை இயக்கினார். கலைவாணரை மன்னித்த ரசிகர், பாகவதரை மட்டும் மன்னிக்கவில்லையா?

அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. அந்த இரண்டரை ஆண்டுகளில் சினிமாவே மாறத் தொடங்கியிருந்தது. பின்னணிப் பாடல் பரவியதால் ஹீரோ பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியம் போனது. 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) என்று வசனப் படங்களின் காலம் வந்தது. பாட்டை நம்பி ஓடிய படங்களின் நாயகனுக்கு அங்கே இடம் சுருங்கியது. குரலின் மவுசு என்னவோ போகவில்லை. 1950-ல் 'கிருஷ்ண விஜயம்' மூலம் அறிமுகமான டி.எம்.சௌந்தரராஜன், பாகவதர் பாணியில் பாடித்தான் கணக்கைத் தொடங்கினார்.

ஆர்.கெல்லி: புகாரும் ஹிட்டும் ஒன்றாக

அமெரிக்க ஆர் அண்டு பி பாடகர் ஆர்.கெல்லி கதை தலைகீழ். 1996-ல் வந்த 'ஐ பிலீவ் ஐ கேன் ஃப்ளை' பாடல் அவருக்கு மூன்று கிராமி விருதுகளை வாங்கித் தந்தது. அதற்கு முன்பே, 1994-ல், 27 வயதில், 15 வயதுப் பாடகி ஆலியாவைத் திருமணம் செய்திருந்தார். மறு ஆண்டே அந்தத் திருமணம் ரத்தானது. 2000 டிசம்பரில் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழ் சிறுமிகள் தொடர்பான புகார்களை வெளியிட்டது. 2002-ல் சிறார் ஆபாச வீடியோ வழக்கு. அந்த வழக்கு நிலுவையில் இருந்தபோதுதான் 'இக்னிஷன்' ரீமிக்ஸ் பில்போர்டு பட்டியலில் 2-ம் இடம் வரை போனது.

2008-ல் கெல்லி விடுதலையானார். வீடியோவில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பெண் அப்போது சாட்சி சொல்லவில்லை. 2022-ல் அவரே கூண்டில் ஏறி, அது நான்தான், அப்போது எனக்கு 14 வயது என்று சொன்னார். 20 ஆண்டு மௌனம் அது. இடையில் 2021-ல் நியூயார்க் நீதிமன்றம் ஆள்கடத்தல் உள்ளிட்ட குற்றங்களில் கெல்லியைக் குற்றவாளி என்றது. 2022-ல் 30 ஆண்டு சிறை விதித்தது. சிகாகோவில் தனியாக இன்னொரு தண்டனையும் வந்தது.

சரி, தீர்ப்புக்குப் பிறகாவது ரசிகர்கள் விலகினார்களா? அமெரிக்காவில் அடுத்த வாரமே அவர் ஆல்பம் விற்பனை 500 சதவீதத்துக்கு மேல் எகிறியது. ஆடியோ ஸ்ட்ரீமிங் சுமார் 1.12 கோடியிலிருந்து 1.34 கோடியானது. செய்தியில் பெயர் அடிபட்டதால் தேடிக் கேட்டவர்கள் இருப்பார்கள், ஆதரவாகக் கேட்டவர்களும் இருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும், கேட்பது குறையவில்லை.

எது பெர்சனல், எது குற்றம்?

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. ரசனை வேறு, நீதி வேறு. விடுதலையானவருக்குப் பழைய மார்க்கெட் திரும்பவில்லை. குற்றவாளிக்கு விற்பனை ஏறியது. ரசிகர் கூட்டத்தின் கைதட்டலை வைத்து யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அளக்கவே முடியாது.

'பெர்சனல்' என்ற வார்த்தையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவரின் காதல், விவாகரத்து, கடவுள் நம்பிக்கை எல்லாம் அவர் சொந்த விஷயம். 'இந்து நேசன்' விற்றது பெரும்பாலும் இந்த மாதிரி சரக்கைத்தான். ஆனால் இன்னொரு மனிதர் பாதிக்கப்பட்ட நொடியில் அது பெர்சனல் இல்லை. கெல்லி விவகாரத்தைப் பலரும் நீண்ட காலம் கிசுகிசு கணக்கில் வைத்ததுதான் சிக்கல். புகழும் பணமும் அவரைச் சுற்றி வேலியாக நின்றன.

அப்போ கேட்கலாமா, கூடாதா?

ஹெட்போனில் கேட்பதும் மேடை கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவது கேட்பவரின் மனசாட்சி. இரண்டாவது நிறுவனங்களின் பொறுப்பு. 2018-ல் மீ டூ புகார்கள் எழுந்தபோது, சென்னை மியூசிக் அகாடமி டிசம்பர் சீசன் பட்டியலிலிருந்து 7 கலைஞர்களை நீக்கியது. நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் எடுத்த முடிவு என்பதால் விவாதம் சூடாக நடந்தது. அந்தக் கலைஞர்களின் ரெக்கார்டிங்குகளைக் கேட்க யாருக்கும் தடையில்லை.

பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்திடம் இருந்த கெல்லியின் ராயல்டியில் 5 லட்சம் டாலருக்கு மேல், அபராதத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்கும் போகும்படி 2023-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 'மொத்தமா நிறுத்து' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆலியாவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் கெல்லிதான். அதை முடக்கினால் முடங்குவது ஆலியாவின் குரலும்தான்.

ஆக, ஒரு பாட்டு பிடித்திருப்பதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை, பிடிக்காமல் போனால் அதிலும் தப்பில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: "இவ்ளோ நல்லா பாடுறவர் இப்படிச் செய்வாரா?" என்ற கேள்வியில். பாடும் திறமை பாட்டுக்கு மட்டுமே சாட்சி. புகார் சொல்பவர் எதிரே நிற்கும்போது, அந்தத் திறமையைத் தூக்கி அவருக்கு எதிராக வைக்காமல் இருந்தாலே போதும்.