காம்பவுண்டுக்கு வெளியே உள்ள பாடம்

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஷெட் எழும்பிக்கொண்டிருக்கிறது. கார், செல்போன் என்றுதான் இந்தப் பகுதி பேர் வாங்கியது. ஆனால் கார் வருவதற்கு முன்னால் கான்கிரீட் வர வேண்டும். அந்தக் கான்கிரீட்டைக் கவனிக்கப் படித்த ஆள் வேண்டும். ‘சிவில் எடுத்தால் வேலை கிடைக்குமா’ என்று கவுன்சலிங் நேரத்தில் தயங்கும் பெற்றோரிடம், படிக்கும்போதே ஸ்டைபெண்டோடு சைட் அனுபவம் என்ற பேச்சு எடுபடுவதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பேச்சில் பொய் இல்லை. இங்கே ஒரு நல்ல சைட்டில் ஆறு மாதம் நின்ற பிள்ளைக்குக் கிடைப்பதை எந்த வகுப்பறையும் தராது. ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் ஸ்லம்ப் பார்த்து, இறக்கவா திருப்பி அனுப்பவா என்று நின்ற இடத்தில் முடிவெடுக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் கியூப் போட்டு 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்க்க வேண்டும். கம்பி கட்டி முடித்த இடத்தில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்க்க வேண்டும். தொழிற்சாலைக் கட்டடத்தில் நுணுக்கம் இன்னும் அதிகம். இரும்புத் தூண்கள் வேறெங்கோ தயாராகி லாரியில் வரும்; அடித்தளத்தில் பதித்த ஆங்கர் போல்ட் சில மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் தூண் உட்காராது. கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்க, அத்தனை பேரும் லெவல் பார்த்த பையனின் முகத்தையே பார்ப்பார்கள். அந்த ஒரு காலைப்பொழுதில் அவன் கற்கும் சர்வேயிங் ஆயுளுக்கும் மறக்காது.

சிவில் என்பது ஷெட் மட்டுமல்ல. 2021 டிசம்பரை இந்தப் பகுதிச் சாலையில் போய்வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆலை விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காக அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 20 ஏக்கரில் பெண்கள் விடுதி திறக்கப்பட்டது: 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள், செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். ஒரு சிறு நகரத்துக்கான குடிநீரும் கழிவுநீரும் படிக்கட்டும் ஒரே வளாகத்துக்குள். சிவில் என்பது மனிதர் கௌரவமாக வாழ்வதற்கான படிப்பு என்பதை அறிய நினைக்கும் மாணவர் அங்கே போய்ப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 1973 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2019இல் மாதக் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று ஆனது. அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. பட்டதாரிக்கு 12,300 வரை உயர்த்தலாம் என்று 2025இல் பரிந்துரை வந்தது. படித்துக்கொண்டே போகிறவருக்கோ, கல்லூரியும் கம்பெனியும் பேசிக்கொள்ளும் தொகைதான். சுங்குவார்சத்திரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்தால் சமாளிக்கலாம்.

தொகை குறைவு என்பதல்ல என் கவலை. அதைக் கொடுப்பது யார் என்பதுதான்.

சம்பளம் தருகிறவருக்கு எது தேவையோ அதுதான் பயிற்சி மாணவரின் பாடம் ஆகிறது. எப்போதுமே அப்படித்தான். சென்னையில் 1794இல் 8 மாணவர்களோடு நில அளவைப் பள்ளி தொடங்கியதற்கு, வரி போட நிலத்தை அளக்க ஆள் தேவைப்பட்டதுதான் காரணம். அதுவே பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. ரூர்க்கியில் 1847இல் கல்லூரி வந்ததும் கங்கைக் கால்வாய் வெட்டும் வேலைக்காக. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1906இலும், கனடாவின் வாட்டர்லூவில் 1957இலும், சில மாதம் படிப்பு, சில மாதம் சம்பள வேலை என்று மாற்றி மாற்றி நடத்தும் முறை தொடங்கியது; அங்கே கேட்டவை ஆலைகள். நம் நாட்டில் இந்தப் படிப்பை முதலில் கேட்டு வாங்கியவை நிலமும் நீரும். இன்று ஒரகடத்தில் கேட்பது கட்டுமானக் காண்ட்ராக்ட். அதனால் காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும் சிவில் முழுவதையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். வெளியே இருப்பதைக் கற்றுத்தர ஸ்டைபெண்ட் கொடுப்பார் இல்லை.

வெளியே என்ன இருக்கிறது? ஏரி இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பேர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேர்கிறது. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்கு வரத்தாக வேண்டும். நூற்றாண்டுகளாக ஓடும் இந்தச் சங்கிலியின் நடுவில்தான் தொழிற்பேட்டைப் பிளாட்டுகள் போட்டிருக்கிறோம். தாழ்ந்த நிலத்தில் கிராவலும் சவுடும் கொட்டி, ரோலர் ஓட்டி, மேடாக்கி, அதன்மேல் ஷெட்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழும் தண்ணீர் 4 லட்சம் லிட்டர். 100 ஏக்கருக்கு 4 கோடி லிட்டர். வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தால் ஒரு பங்கை மண் குடிக்கும். மிச்சம் வரப்பில் தங்கி மெல்ல நகரும். தகரக் கூரையும் கான்கிரீட் தரையும் கிட்டத்தட்ட முழுவதையும் உடனே வெளியே தள்ளிவிடும். வளாகத்துக்குள் மழைநீர் வடிகால் உண்டு. சாய்வெல்லாம் சரியாகப் போட்டிருப்பார்கள். அது காம்பவுண்டு ஓரத்தில் ஒரு குழாய் வாயோடு முடியும். பயிற்சி மாணவரின் கையிலுள்ள வரைபடமும் அங்கேயே முடிகிறது. அந்த வாயிலிருந்து தண்ணீர் எந்தக் கால்வாயில் விழுகிறது, அந்தக் கால்வாய் இன்னும் இருக்கிறதா என்பது அவருடைய வேலை இல்லை. அவரை வேலைக்கு வைத்தவருடைய வேலையும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், அடையாற்றின் ஓரத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போன தண்ணீர்தான்.

நீரியலும் பாசனப் பொறியியலும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவே என்று கல்லூரிகள் சொல்லும். காசு கொடுக்கிற நாங்கள் எங்கள் வேலையைத்தானே சொல்லித்தர முடியும் என்று காண்ட்ராக்டர்கள் சொல்வார்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் தேர்வில் எழுதிய பாடத்தைவிட, சம்பளம் வாங்கிக்கொண்டு வெயிலில் நின்று படித்த பாடமே ஒருவரை இன்ன மாதிரி இஞ்சினியர் என்று ஆக்குகிறது.

இதைவிட என்னை உறுத்துவது காலண்டர். மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்குப் போவது பெரும்பாலும் கோடை விடுமுறையிலோ, ஜனவரியில் தொடங்கும் எட்டாவது செமஸ்டரிலோ. இரண்டும் காய்ந்த மாதங்கள். கான்கிரீட் போட நல்ல பருவம். ஏரியைப் படிக்க ஆகாத பருவம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரிலும் டிசம்பரிலும் செமஸ்டர் தேர்வு. வெள்ள எச்சரிக்கை வந்தால் கல்லூரிக்கு விடுமுறை, பிள்ளைகள் வீட்டில். நாலு வருடம் சிவில் படித்தும், கலங்கலில் தண்ணீர் எத்தனை அடி உயரத்தில் போகிறது என்று ஒரு முறைகூட அளக்காமல் பட்டம் வாங்கிவிட முடிகிறது, அதுவும் ஏரி மாவட்டத்தில்!

கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. மாநிலத்தின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கான 2021 பாடத்திட்டம், ஏழாவது செமஸ்டரிலேயே இன்டர்ன்ஷிப் போகவும், அந்த செமஸ்டரின் பாடங்களை எட்டாவதில் படிக்கவும் இடம் தருகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாணவரை இந்த ஏரிகளில் விடலாம். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு தொழிற்பேட்டை வடிகால் வாயிலிருந்தும் அடுத்த ஏரியின் கலங்கல் வரை ஆட்டோ லெவலோடு நடந்து வரைபடம் எழுதட்டும். கால்வாய் எங்கே சாலைக்கு அடியில் குறுகுகிறது, எந்தக் கல்வெர்ட் அடைத்திருக்கிறது, கரை எங்கே இறங்கியிருக்கிறது, எந்த மதகு கசிகிறது என்று குறிக்கட்டும். மழை தொடங்கியதும் நாள் தவறாமல் நீர்மட்டம் எடுக்கட்டும். ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி தெரிந்த விவசாயிகள் அந்தந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு கரையில் நடப்பதும் பயிற்சியில் சேரட்டும்.

பட்டதாரிப் பழகுநருக்கான அதே 9,000 மாதந்தோறும் என்றால் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு 54,000 ரூபாய். 20 பேருக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். தொழிற்பேட்டைகளில் ஒரு ஷெட் எழுப்ப ஆகிற செலவில் இது எந்த மூலைக்கு? அரசுத் துறைகளும் பழகுநர்களை எடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, எடுத்தும் வருகிறார்கள். அதுபோல மாணவர்களுக்கும் சில இடங்களை இந்த ஏரிகளுக்கென்று ஒதுக்கி, பிளாட் வாங்கிய நிறுவனங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து மீதிச் செலவைக் கொடுக்கலாம். மாணவர்கள் எழுதும் வரைபடத்தை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த பிளாட்டுக்கு மண் கொட்ட அனுமதி கேட்டு வரும் கோப்போடு அதையும் இணைக்க வேண்டும். ஏழாவது செமஸ்டர் ஜூலையில் தொடங்குகிறது. ஒப்பந்தம் போட அதற்கு முந்தைய கோடை போதும்.