விஞ்ஞானமும் சிரிப்பும்

விஞ்ஞானம் படிப்பவனுக்குச் சிரிக்கத் தெரியாது என்றொரு நம்பிக்கை நம் விடுதியில் வேரூன்றிக் கிடக்கிறது. கலைப்பிரிவு நண்பர்கள் கவிதை வாசிப்பார்கள், பாடுவார்கள், நாடகத்தில் ராஜபார்ட் போடுவார்கள். நாமோ ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பி, ஆறிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வோம் என்பது அவர்கள் எண்ணம். அது முழுப் பொய்யென்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும் மேனாடுகளில் சில ஆண்டுகளாக விஞ்ஞானிகளே மேடையேறி மக்களைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பின் வழியே தங்கள் ஆராய்ச்சியை விளக்கி வருகிறார்கள். அந்தக் கலையைப் பற்றியும், நம் மன்ற மேடையில் நான் இருமுறை அதை முயன்றபோது நேர்ந்ததைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். முதல்முறை நான் செய்தது தவறு. அதை நேரில் பார்த்தவர்கள் உங்களில் பலர் உண்டு. நன்றாகக் கைதட்டினீர்கள், ஆகையால் தவறென்று உங்களுக்குத் தோன்றியிருக்காது.

ஸ்டாண்ட்-அப் காமெடி என்று பெயர் வழங்கும் இக்கலையில் வேடமில்லை, திரையில்லை, பக்கவாத்தியமும் இல்லை. ஓர் ஆள், ஓர் ஒலிபெருக்கி, எதிரே மக்கள், அவ்வளவுதான். 2009-ஆம் ஆண்டில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பணியாற்றிய ஸ்டீவ் கிராஸ் என்பவர் 'பிரைட் கிளப்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஆராய்ச்சி மாணவர்களையும் ஆசிரியர்களையும் பிடித்துச் சிறிது பயிற்சி தந்து, மதுவிடுதி ஒன்றின் அறையில் மேடையேற்றினார். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். நிகழ்ச்சியை நடத்திச் செல்பவர் மட்டும் தொழில்முறை நகைச்சுவையாளர். பின்னர் இது பிரிட்டனின் வேறு நகரங்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. விரிவுரை என்றால் பக்கத்துத் தெருவிலிருந்துகூட வராதவர்கள், சிரிப்பு என்றால் காசு கொடுத்து வருகிறார்கள். எட்டு நிமிடம் குறைவென்று தோன்றும். எங்கள் துறையில் பேராசிரியர் ஒருவருக்குக் கரும்பலகையைத் துடைக்கவே அவ்வளவு நேரம் வேண்டும். ஆனால் சிரிக்காத சபைக்கு முன்னால் நின்று பார்த்தவனுக்குத்தான் எட்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

ஒரு நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது? முதலில் கேட்பவர் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பை எழுப்ப வேண்டும். பிறகு அதை அவர் நினையாத பக்கம் திருப்பிவிட வேண்டும். திருப்பிய பிறகு, 'அட, இதுவும் சரிதானே' என்று அவருக்குத் தோன்ற வேண்டும். விஞ்ஞானத்தில் நாம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. இப்படித்தான் இருக்கும் என்று கருதுகிறோம். சோதனை வேறு சொல்கிறது. யோசித்தால் சோதனை சொன்னதே சரியென்று விளங்குகிறது. ஆகவே இரண்டுக்கும் பகையொன்றுமில்லை. இடர் வேறிடத்தில் இருக்கிறது. எதிர்பார்ப்பை எழுப்ப வேண்டுமானால், எதிரே இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். 'டயா காந்தம்' என்று தொடங்கினால் அவர் மனத்தில் எந்த எதிர்பார்ப்பும் எழாது. எழாததைத் திருப்பவும் முடியாது. வகுப்பில் விளங்கிவிட்டதுபோல் தலையை ஆட்டி ஆசிரியரை ஏமாற்றியிருக்கிறோம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் முந்நூறு பேர் சேர்ந்து சிரித்து ஏமாற்ற முடியாது.

சிரிப்பு விஷயத்தின்மேலேயே விழ வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய 'இக் நோபல்' பரிசு. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு அதைத் தருகிறார்கள். 2002-ஆம் ஆண்டின் கணிதப் பரிசு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் இருவருக்கும் கிடைத்தது. அவர்கள் செய்தது, இந்திய யானையின் உடற்பரப்பு மொத்தம் எவ்வளவு என்று மதிப்பிட வழி கண்டது! கேட்டவுடன், "யானைக்கு யார் சட்டை தைக்கப் போகிறார்கள்?" என்று சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள். வெப்பம் உடலின் உள்ளே முழுவதும் பிறக்கிறது. வெளியேறுவதோ பெரும்பாலும் தோலின் வழியே. உடல் பெருக்கப் பெருக்க, ஒரு கிலோ எடைக்குக் கிடைக்கும் தோல் குறைந்துகொண்டே போகும். சுண்டெலிக்குக் குளிர்தான் தொல்லை. யானைக்குப் புழுக்கம்தான் தொல்லை. யானை காதை விசிறுவது நம்மைப் பார்த்த மகிழ்ச்சியால் அன்று. மெல்லிய காதில் ஓடும் இரத்தத்தைக் குளிரச் செய்யவே. எனவே தோலின் பரப்பை அறிவது கால்நடை மருத்துவருக்கு வேண்டிய செய்தி. யானையைப் பிடித்து நிறுத்தி அங்குலம் அங்குலமாகத் துணி சுற்றி அளக்கவும் முடியாது. தோள் உயரம், முன்காலடியின் சுற்றளவு போன்ற எளிய அளவுகளிலிருந்தே கணக்கிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். சட்டை என்ற ஒரு சொல்லில் சிரித்தோம்; அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டே விஷயத்துக்குள் வந்துவிட்டோம்.

இதற்கு மாறாக, ஷ்ரோடிங்கரின் பூனையைப் பற்றி நம்மிடையே வழங்கும் துணுக்குகளைப் பாருங்கள். இயற்பியல் படித்தவன் சிரிப்பான். எதற்கு? தனக்குத் தெரியும் என்று பக்கத்திலிருப்பவனுக்குக் காட்ட. படியாதவன் அதில் அடையும் பயன் ஒன்றுமில்லை, வெளியே நிறுத்தப்பட்டோம் என்ற உணர்வைத் தவிர.

சிரிப்பைக் கொண்டு அறிவு புகட்டுவது நமக்குப் புதிதுமன்று. 'நல்லதம்பி' படத்தில் (1949) கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடத்திய கிந்தனார் காலட்சேபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தின் அதே பாணியில், தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வி கற்று உயர்வதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பக்கத்து மாநிலத்தில் 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980 முதல் பாட்டும் கூத்துமாகக் கலைப்பயணம் புறப்பட்டு ஊர் ஊராக விஞ்ஞானம் பேசியது. ஸ்டாண்ட்-அப்பில் வேறுபாடு ஒன்றுதான்: பாட்டும் வேடமும் துணைக்கு வருவதில்லை, பேசுபவன் தன்னையே முன்வைக்க வேண்டும்.

அங்கேதான் நான் தவறினேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலில் வைக்கிறார். நகை பிறக்கும் நிலைக்களன்களில் ஒன்றாக எள்ளலைச் சொல்கிறார். எள்ளல் இருவகை என்பது உரையாசிரியர் தரும் விளக்கம்: நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று; பிறர் நம்மை எள்ள நாமே சிரிப்பது மற்றொன்று. பள்ளியில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். பொருள் தெரிந்தது சென்ற பொங்கல் விழாவில்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் காந்தம். நெதர்லாந்தில் நைமேகன் நகர ஆய்வுக்கூடத்தில் 1997-இல் உயிருள்ள தவளையைக் காந்தத்தால் அந்தரத்தில் மிதக்கவிட்ட சோதனையிலிருந்து தொடங்கினேன். தண்ணீரைக் காந்தம் மிக மிக மெல்லத் தள்ளுகிறது. தவளையில் பெரும்பகுதி தண்ணீர். காந்தம் 16 டெஸ்லா வலிமையுடையதாக இருந்தால் அந்த மெல்லிய தள்ளலே எடையைத் தாங்கிவிடும். "உங்களையும் என்னையும்கூட மிதக்கவிடலாம், ஆனால் அந்த மின்கட்டணத்துக்கு மெஸ் கட்டணத்தைப் பத்து மடங்கு உயர்த்த வேண்டும்" என்றேன். சுமாராகச் சிரித்தீர்கள். சோதனையில் பங்கு கொண்ட ஆந்த்ரே கைம் 2000-இல் இக் நோபல் பரிசும், வேறொரு கண்டுபிடிப்புக்காக 2010-இல் உண்மையான நோபல் பரிசும் பெற்றதைச் சொன்னேன். அதற்குச் சிரிப்பே இல்லை.

சபை கைநழுவுகிறது என்று கண்டதும், மணிக்கட்டில் காந்தப்பட்டை கட்டிக்கொள்பவர்களிடம் தாவினேன். "இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அதைக் காந்தம் இழுக்கும் என்கிறார்கள். அப்படி இழுத்தால், எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போனவர் இரத்தமெல்லாம் ஒருபக்கம் ஒட்டிக்கொண்டு, அவர் மட்டும் தனியாக வெளியே வருவார்!" அரங்கம் அதிர்ந்தது. இதுவரை பழுதில்லை, விஷயமும் சரி. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியின் இரும்பைப்போல் நடந்துகொள்வதில்லை. ஆனால் கைதட்டல் எனக்குப் போதவில்லை. "வலி முட்டியில், காந்தம் மணிக்கட்டில்! இவர்களுக்கு மூளை எங்கே இருக்குமோ?" என்றேன். அன்றைக்கு மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

இரண்டாம் வரிசையில் பெரியவர் ஒருவர் இருந்தார். இந்த நகரில் நெடுங்காலமாகக் குடியிருப்பவர். ஆண்டுதோறும் நம் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும் தேடிக் கொண்டுவருபவர். பெயர் வேண்டாம். அரங்கம் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் தம் ஸ்வெட்டர் கையை மெதுவாக இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். அவரும் சிரித்தார். தை மாதக் குளிருக்காக மூடியதாக நான் எண்ணிக்கொண்டிருக்கலாம், எண்ண முடியவில்லை.

என் பேச்சால் அவர் அறிந்தது என்ன? காந்தப்பட்டை பயனற்றது என்பதையா? அல்ல, எங்களைப்போன்ற படித்தவர்கள் முன்னால் அதை மறைக்க வேண்டும் என்பதைத்தான். வரிசைகளில் வேறெத்தனை பேர் இருந்தார்களோ! ஏற்கெனவே என்னோடு உடன்பட்டவர்கள் சிரித்தார்கள். உடன்படாதவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். விஞ்ஞானம் ஓர் அடிகூட நகரவில்லை.

சித்திரை விழாவில் மீண்டும் எட்டு நிமிடம் கேட்டு வாங்கினேன். இம்முறை தவளையை விட்டுவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் நான் செய்த 'ஆராய்ச்சி' ஒன்றைச் சொன்னேன்.

பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று பேருந்து நிலையத்தில் ஒருவன் விற்றான். 150 ரூபாய்க்கு வாங்கிவந்து அப்பாவின் மொபெட்டில் வைத்து, விழுந்துவிடாதபடி கறுப்பு டேப்பால் அழுத்திச் சுற்றினேன். விஞ்ஞானி அல்லவா, நோட்டுப் புத்தகமும் போட்டேன். முன்பு லிட்டருக்கு 48 கிலோமீட்டர். காந்தம் கட்டிய இரண்டு வாரத்தில் 57. வீடு முழுவதும் அறிவித்தேன். மாமாவுக்கும் ஒன்று வாங்கத் திட்டமிட்டேன். அப்போது அப்பா பீரோவைக் காட்டினார். அதன் கதவில் மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு என் காந்தம் உட்கார்ந்திருந்தது. நான் கட்டிய மறுநாளே டேப்பைப் பிரித்துக் காந்தத்தை எடுத்துக்கொண்டு, டேப்பை மட்டும் திரும்பச் சுற்றிவிட்டாராம். அந்த 57 கிலோமீட்டரும் வெறும் டேப்பின் சாதனை!

சபை சிரித்தது. சிரிப்பு அடங்கும்முன் கேட்டேன்: அப்படியானால் பெட்ரோலை மிச்சப்படுத்தியது எது? முன்வரிசையில் ஒரு சிறுவன் கத்தினான்: "நீங்க மெதுவா ஓட்டியிருப்பீங்க!" உண்மை. ஆராய்ச்சி கெடக்கூடாதென்று முறுக்காமல் ஓட்டினேன். பின்னால் எந்த நண்பனையும் ஏற்றவில்லை. ஒப்பீட்டுச் சோதனை என்று நாம் மூன்றாண்டு பட்டப்படிப்பில் கற்பதை அந்தச் சிறுவன் ஒரு நொடியில் சொல்லிவிட்டான். நான் சொல்ல எண்ணியிருந்ததும் அதுவே. காந்தப்பட்டையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

விருந்துக்கு வரிசையில் நின்றபோது அந்தப் பெரியவர் பக்கத்தில் வந்தார். வெயில் காலம், அரைக்கைச் சட்டை. பட்டை மணிக்கட்டில் தெரிந்தது.

"தம்பி, அப்போ அந்த டேப்பு மட்டுந்தான் வண்டியிலே இருந்துதா?"

"ஆமாம் சார்."

சிறிது நேரம் பேசாமலிருந்தார். "டாக்டர் ரெண்டு வருஷமாச் சொன்னார், தினம் நடங்கன்னு. போகலே. இதைக் கட்டின மறுநாள்லேருந்துதான் நடக்க ஆரம்பிச்சேன்."

"முட்டிவலி குறைஞ்சிருக்கா, சார்?"

"குறைஞ்சிருக்கே. அதைத்தான் யோசிக்கறேன்."

2009-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையைச் சொன்னேன். மூட்டுத் தேய்மான நோயாளிகளுக்கு வலுவான காந்தப்பட்டை, வலுக்குறைந்த பட்டை, காந்தம் நீக்கிய பட்டை, செப்புக் காப்பு ஆகியவற்றை மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்தார்கள். வலியைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. கவனமாகக் கேட்டார்.

"அந்தக் காந்தம் எடுத்த பட்டை இருக்கே, அது என்ன விலை வருமாம்?" என்று கேட்டுவிட்டு, எனக்கு முன்பே அவர் சிரித்துவிட்டார். பிறகு பட்டையைச் சற்று மேலே தள்ளிக்கொண்டு இலையை எடுத்தார்.

"இது பாட்டுக்கு இருக்கட்டும், தம்பி. என் பொண்ணு வாங்கிக் கொடுத்தது."