துண்டு போடும் ‘இட்’

படிப்பு முடிச்சதும் நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத்தான் இன்டர்வியூ போவோம். “நைட் ஷிஃப்ட் பார்க்கக் கஷ்டமா இருக்குமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டால்?

“ஐ ஃபைண்ட் ஈஸி டு வொர்க் அட் நைட்” தப்பு. “ஐ ஃபைண்ட் இட் ஈஸி டு வொர்க் அட் நைட்” என்பதே சரி. ஃபைண்ட் வெர்ப், இட் ப்ரொனவுன், ஈஸி அட்ஜெக்டிவ், பிறகு டு வொர்க். தமிழில் இந்த ‘இட்’டுக்கு வேலையே இல்லை, அதான் விட்டுடுறோம். ஆங்கிலத்திலோ ஃபைண்ட் வந்ததும் ‘எதை?’ என்ற கேள்வி நிற்கும். பதிலான ‘டு வொர்க்’ பின்னாடி வருது. அது வரும்வரை ‘இட்’ இடம் பிடிக்கிறது, பஸ் சீட்டில் துண்டு போடுற மாதிரி!

இன்னொரு அமைப்பு நமக்கு ரொம்ப சுலபம். “என்னை வரச் சொன்னார்”: ‘ஹி டோல்ட் மீ டு கம்’. என்னை = மீ, வர = டு கம். ‘நான் வரச் சொன்னார்’ என்போமா? அதனால் அங்கே ‘ஐ’ வராது. மேக், லெட் வந்தால் ‘டு’ ஓடிவிடும்: ‘லெட் மீ கோ’.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1954-இல் இப்படிப்பட்ட அமைப்புகளைத் தொகுத்துத் தனிப் புத்தகமே போட்டார்.

இப்போ சொல்லுங்க: “இந்தப் பலகையைப் படிக்க எனக்குக் கஷ்டமா இருக்கு.” துண்டு எங்கே?