மலைக்குள் இருக்கும் அலை

‘மலை’ என்ற சொல்லில் முதலில் வரும் ‘ம்’ ஒலியை மட்டும் எடுத்துவிடுங்கள். மிச்சம் என்ன? ‘அலை’. நமக்கு இது ஒரு நொடி வேலை. எழுத்தே படிக்காத ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் திணறிவிடுவார். பேச்சில் அவருக்குக் குறையே இல்லை. பழமொழியும் விடுகதையும் சரளமாக வரும். ‘மலை’யை ‘ம’, ‘லை’ என்று இரண்டாக்கக்கூட அவரால் முடியும். ஆனால் ‘ம’வுக்குள்ளேயே ‘ம்’, ‘அ’ என்று இரண்டு ஒலிகள் இருப்பது அவர் காதுக்கு எட்டாது.

1979-இல் போர்ச்சுகலில் ஜோசே மொராய்ஸ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். எழுத்தறியாத பெரியவர்கள் ஒரு பக்கம். அவர்களைப் போன்றே வளர்ந்து, பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள் மறு பக்கம். சொல்லின் முதல் ஒலியை நீக்கச் சொன்னபோது முதல் குழுவினரில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். இரண்டாம் குழுவினர் பெரும்பாலும் சரியாகச் செய்தார்கள். அந்த நுட்பமான காது வயதோடு தானாக வந்துவிடவில்லை. எழுத்து படித்ததால் வந்தது.

காது மட்டுமல்ல, மூளையும் மாறுகிறது. மனிதன் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் தனி உறுப்பு உருவாக அது போதாது. அதனால் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண ஏற்கெனவே இருக்கும் இடங்களில் ஒரு பகுதியை எழுத்து தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஐம்பது வயது மூளையில் அதற்கு இடம் கிடைக்குமா? 2010-இல் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் நடத்திய ஆய்வு, கிடைக்கும் என்று காட்டியது. முதியோர் கல்வியில் படித்தவர்களின் மூளையிலும் எழுத்துக்கான அந்த இடம் விழித்திருந்தது.

நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்தது. லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில், எழுத்தறியாத பெரியவர்கள் ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்றார்கள். பெரும்பாலும் முப்பதுகளில் இருந்த பெண்கள். படிப்பதற்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் அவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் அடியாழத்தில் உள்ள தலாமஸ், மூளைத்தண்டு ஆகியவற்றோடு பார்வைப் பகுதிக்கு இருந்த தொடர்பு இறுகியிருந்தது. 2017-இல் வெளியான முடிவு இது. தேவைப்பட்டது ஆறே மாதம்.

எழுத்து இப்படி என்றால், கணக்கு வேறு கதை. பூக்கார அக்காவிடம் “முழம் முப்பது ரூபா, நாலரை முழம் எவ்வளவு?” என்று கேளுங்கள். “நாலு முழம் நூத்தி இருபது, அரை முழம் பதினஞ்சு, நூத்தி முப்பத்தஞ்சு குடுங்க” என்பார், பூவை அளந்தபடியே. அதே கணக்கைத் தாளில் எழுதி நீட்டினால் ஒதுங்கிவிடுவார். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களிடமும் இதையே கண்டார்கள். 1985-இல் வெளியான அந்த ஆய்வில், கடையில் வாய்க்கணக்காகக் கேட்டபோது 98 சதவீத விடைகள் சரி. அதே எண்களை வெறும் கூட்டல் பெருக்கலாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான்.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வரும் தன்னார்வலருக்கு இந்த ஆய்வுகள் சொல்லும் பாடம் ஒன்றுதான்: எதிரே இருப்பவர் வெற்றுப் பலகை அல்ல. 1991-இல் புதுக்கோட்டையின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சம்பளமில்லாமல் பாடம் நடத்திய ஆயிரக்கணக்கானோர் இதை அனுபவத்தில் கண்டிருப்பார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் சிலேட்டின் முன் உட்காருபவரிடம் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் மறுநாள் வரமாட்டார். ப, ட, ம என்று மூன்றே எழுத்துகளைக் கொடுத்து, கூடவே ஒரு புள்ளியையும் கொடுத்தால், அன்றைக்கே படம், மடம், பட்டம் என்று வாசித்துவிடுவார்.

கணக்குக்கும் அதே வழிதான். அக்காவை முதலில் வாயால் சொல்லவிட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல 120 என்று எழுதி, அதன் கீழே 15 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே என்ன வரும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.