எண்ணம் ஓய்ந்த பிறகு தங்குவது எது?

"சிஸ்டர், கடவுள் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எப்படித் தெரியும்?" நல்லாயன் ஞாயிறு பூசை முடிந்ததும் யாராவது ஒரு பெண்பிள்ளை என்னிடம் இப்படிக் கேட்பாள். 1964 முதல் இறையழைத்தலுக்காகத் திருச்சபை உலகெங்கும் மன்றாடும் நாள் அது.

புனித இஞ்ஞாசியாரின் கதையைச் சொல்வேன். 1521இல் பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். ஒரு சீமாட்டிக்காக வீரச்செயல் புரியும் கனவும், துறவி புனித பிரான்சிஸ் அசிசியாரைப் போல வாழும் கனவும் மாறி மாறி வந்தன. இரண்டுமே இனித்தன. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டது. அடுத்தது ஓய்ந்த பிறகும் நிறைவு தங்கியது. அந்த வேறுபாட்டைக் கவனித்ததில் அவர் பாதை தெளிந்தது.

ஆகவே, "கன்னியர் மடத்தில் உன்னை நினைத்துப் பார்த்த மறுநாள் காலை மனம் எப்படி இருந்தது?" என்று கேட்பேன். இரவு ஜெபத்துக்குப் பின் அதை நோட்டில் எழுதச் சொல்வேன். வீட்டுச் சண்டைக்கும் காதல் தோல்விக்கும் பயந்து ஓடிவருவது அழைத்தல் ஆகாது.

திருச்சபையும் அவசரப்படுத்துவதில்லை. நவதுறவகத்தில் குறைந்தது 12 மாதம். பிறகு தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது 3 ஆண்டு. அதற்குப் பிறகே நித்திய வார்த்தைப்பாடு. இடையில் வீடு திரும்புவது அவமானமில்லை. அதுவும் தெளிந்த முடிவே.

பெற்றோரே, பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.