ராத்திரியில் அலறும் மிலிட்டரிக்காரர்: பென்ஷன் இல்லை என்றால் விடாதீர்கள்!

காரைக்குடி:
கார்த்திகைக்கு ஒரு வெடி வெடித்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவார். நடுராத்திரியில் "வர்றானுக, வர்றானுக" என்று அலறுவார். "பட்டாளத்துக்குப் போறப்ப நல்லாத்தானே போனாக" என்று புலம்புவார் மனைவி. இப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

பேய் பிடித்துவிட்டது என்று ஊர் பேசும். மெடிக்கல் போர்டு எழுதுவதோ வேறு: "உடல்வாகில் உள்ள கோளாறு. பட்டாள வேலையால் வந்தது அல்ல." அந்த ஒரு வரியில் ஊன பென்ஷன் அம்பேல்!

அந்த வரியைத்தான் சுப்ரீம் கோர்ட்டு உடைத்தது.

1985-ல் சேர்ந்த சிப்பாய் தரம்வீர் சிங். வலிப்பு நோய் என்று 1994-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் இல்லை. மனுஷர் விடவில்லை. 2013 ஜூலை 2-ந் தேதி தீர்ப்பு வந்தது. சேரும்போது சோதித்து, நோய் எதுவும் இல்லை என்றுதானே எடுத்தீர்கள்? பின்னால் வந்த நோய்க்கு வேலை காரணம் இல்லை என்றால், அதை நிரூபிக்க வேண்டியது சர்க்கார்தான். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே!

2025 மே மாதம் ராஜுமோன் வழக்கு. மனச்சிதைவு என்று 1998-ல் அனுப்பப்பட்டவர். காரணம் சொல்லாத மெடிக்கல் போர்டு முடிவு செல்லாது என்றது கோர்ட்டு. 50 சதவீத ஊன பென்ஷன் கொடுக்க உத்தரவு. 27 வருஷம் கழித்து!

கேசுக்கு உயிர் எது?

முதலில் மெடிக்கல் போர்டு காகிதங்களின் நகல் வேண்டும். கையில் இல்லை என்றால் ரெக்கார்டு ஆபீசுக்கு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். சேர்ந்தபோது எழுதிய சோதனைக் குறிப்பு, மிலிட்டரி ஆஸ்பத்திரியில் படுத்த தேதிகள், அதற்கு முன் நின்ற இடம்: சியாச்சினா, காஷ்மீரா, 1987-90-ல் இலங்கையா? மூன்றையும் சேர்த்து வைத்தால் கதை தானாகப் புரியும். கூட நின்ற சிநேகிதர் எழுதிக் கொடுத்தால் இன்னும் பலம். அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரின் சீட்டும் வேண்டும். ஊர் என்ன சொல்லுமோ என்று வெட்கப்பட்டு அதைக் கிழித்துப் போட்டால் நஷ்டம் யாருக்கு?

மனு எழுத சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். மறுத்தால் அப்பீல். அதிலும் மறுத்தால் சென்னை ஆயுதப்படை தீர்ப்பாயம்.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு புது விதி. பழைய ஆட்களும் தள்ளிப் போடக் கூடாது. எத்தனை வருஷ பாக்கி இருந்தாலும், மனு போட்ட தேதிக்கு முந்திய 3 வருஷத்துக்குத்தான் கோர்ட்டுகள் பெரும்பாலும் பணம் தரச் சொல்கின்றன.